எழுத்தில் இருப்பது எது?

கிரீன்லாந்தை விலைக்கு வாங்கப் போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் 2019-இல் சொன்னபோது உலகம் சிரித்தது. 2025-இல் மீண்டும் பதவிக்கு வந்து அதையே சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. டென்மார்க் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்ட அந்தத் தீவின் மக்கள் ஏறத்தாழ 57 ஆயிரம் பேர். நமது நாகர்கோவில் நகரத்தில் கால்வாசி! ஆனாலும் எங்கள் மண் விற்பனைக்கு இல்லை என்று அவர்கள் நிமிர்ந்து சொன்னார்கள். அவர்கள் கையில் சட்டம் இருந்தது. 1979-இல் உள்நாட்டு ஆட்சியுரிமை பெற்றார்கள். 2009-இல் வந்த தன்னாட்சிச் சட்டம் அவர்களைத் தனியொரு மக்களினமாக ஏற்றது. பிரிந்து போவது பற்றிய முடிவு அம்மக்களுடையது என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

குமரி மாவட்டத்து இளைஞர்களுக்கு இது தூர தேசத்துக் கதை அல்ல. நம் பாட்டனார்களும் ஒரு மன்னராட்சிக்குள் அடங்கிய சிறு நாட்டின் குடிமக்களாக இருந்தவர்கள்தாம்.

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாட்டுக்கு ஒரு காலத்தில் நாட்டார் கூட்டம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கூட்டம் கூடி, நியாயமற்ற வரியைக் கட்ட மாட்டோம் என்று மன்னருக்கு எதிராகவே முடிவு எடுத்திருக்கிறது. அந்த உரிமை எங்கே போயிற்று? அது வழக்கமாக இருந்ததே தவிர, மன்னரைக் கட்டுப்படுத்தும் சாசனமாக இல்லை. மார்த்தாண்ட வர்மா வலுவான அரசை அமைத்து, 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தாம் தாசராக நின்று ஆளத் தொடங்கியபின், நாட்டார் சபையின் குரல் ஓய்ந்து போயிற்று.

அந்த மன்னருக்கும் மேலே ஒரு மகுடம் வந்தது. 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கப்பம் கட்டியது. ஆரல்வாய்மொழியைத் தாண்டும் சரக்குக்குச் சுங்கம். 1865-இல் சென்னை அரசுக்கும் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் இடையே வணிக ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகே அந்தப் பாரம் பெரும்பாலும் குறைந்தது. கோட்டாறு வணிகரை யாரும் கேட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது. நன்மை வந்தது, அவ்வளவுதான்.

1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. விண்ணப்பம் கொடுக்கலாம், பேசலாம், ஆணையிட முடியாது. 1932-இல் சபை விரிவாக்கப்பட்டபோதும் ஓட்டுரிமை சொத்துள்ளவர்களுக்கே. ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமுதாயங்களும் அப்போதுதான் ஒன்றாக நின்று, தேர்தலில் இருந்து ஒதுங்கும் நிவர்த்தனப் போராட்டத்தை நடத்தின. தனித்தனியாகக் கெஞ்சியபோது கிடைக்காதது சேர்ந்து நின்றபோது கிடைத்தது. அரசுப் பணிக்கு ஆள் எடுக்க 1935-இல் தனி ஆணையர் வந்தார். 1937 தேர்தலில் சமுதாயங்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்த வரலாற்றை நமது மேடைகளில் யாரும் சொல்வதில்லை என்பது நமக்கு வருத்தமே.

மன்னராட்சி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு 1954 ஆகஸ்ட் 11 பதில் சொன்னது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் மீது துப்பாக்கிச்சூடு நடத்தியது மன்னரின் படை அல்ல. தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவையின் காவல்துறை. பெரும்பான்மையும் மகுடம் சூடிக்கொள்ளும்! நேசமணி தலைமையில், அப்துல் ரசாக் போன்றோர் தோள் கொடுத்து நடத்திய போராட்டம் வென்றதற்கு உயிர்த்தியாகம் ஒரு காரணம். மாநில எல்லையை மாற்றும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் கையில் வைத்திருந்தது மற்றொரு காரணம். பசல் அலி ஆணையம் பரிந்துரைத்தது. 1956 நவம்பர் 1-இல் நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

எழுத்தின் வலிமைக்கு இன்னொரு சான்று. கோயில் சொத்துகளைப் பண்டைய அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை, அரசியல் சட்டத்தின் 290-ஏ பிரிவாக ஏறியது. அதன்படி கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரமும், இங்கு வந்த கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரமும் தர வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு காக்கப்பட வேண்டியதே. ஆனால் இதே சட்டத்தில் எழுதியிருந்த மன்னர் மானியம் 1971-இல் 26-ஆம் திருத்தத்தால் நீக்கப்பட்டது. எழுதியதும் அழியும், காக்க ஆள் இல்லாவிட்டால்.

தமிழ்நாட்டில் 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் எழுதப்பட்ட சட்டமே. நமது மாவட்டத்தில் எந்தத் துறையில் எத்தனை இடம் வந்தது, எத்தனை நிரம்பியது? 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கேட்கலாம். ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர் இருவர் இந்தப் பொறுப்பை ஏற்கட்டும். தபால் செலவை வணிகப் பெருமக்கள் பார்த்துக்கொள்ளட்டும்.