ஆம்புலன்ஸ் ஓட்ட ஆளிருக்கிறது. அந்தத் துறையை நடத்த ஆளிருக்கிறதா?

தமிழகத்தின் பல ஊர்களில் ஜமாஅத்துகளும் சமுதாய அமைப்புகளும் ஆம்புலன்ஸ் நடத்துகின்றன. மத வேறுபாடு பார்க்காமல் நோயாளிகளை ஏற்றிச் செல்கின்றன. கொரோனா காலத்தில் உறவினர்களே நெருங்கத் தயங்கிய உடல்களை நம் இளைஞர்கள் நல்லடக்கம் செய்தார்கள். ஆனால் எந்த இடத்தில் வண்டி நிற்க வேண்டும், ஊழியருக்கு என்ன பயிற்சி தர வேண்டும், எந்த நோயாளியை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் பதவிகளுக்கு நம் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோமா?

108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழகத்துக்கு 2008 செப்டம்பரில் வந்தது. அரசின் நிதியில், ஒப்பந்த அடிப்படையில் ஒரு தனியார் நிறுவனம் இதை நடத்துகிறது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஓட்டுநரும் ஒரு மருத்துவ உதவியாளரும் இருப்பார்கள். ஊதியம், வேலை நேரம் குறித்து இவர்கள் அவ்வப்போது போராட்டம் அறிவிப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். அந்தக் கோரிக்கைகளோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இருபத்தைந்து வயதில் வண்டி ஏறியவர் நாற்பத்தைந்து வயதில் எங்கே இருப்பார்?

அமெரிக்காவில் இதற்கென்றே முதுநிலைப் படிப்புகள் உள்ளன. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தில் அவசர சுகாதார சேவைகளில் முதுநிலைப் பட்டம் பல காலமாக வழங்கப்படுகிறது. இத்தகைய படிப்புகளில் நிதி, சட்டம், பணியாளர் நிர்வாகம், பேரிடர்த் திட்டமிடல், தரக் கண்காணிப்பு போன்றவை இடம்பெறும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஐந்து அழைப்புகள் வருகின்றன. நான்கு இடங்களுக்கு வண்டி 6 நிமிடத்தில் போய்விடுகிறது. ஐந்தாவது இடத்துக்கு 26 நிமிடம் ஆகிறது. சராசரி 10 நிமிடம். அறிக்கையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்தாவது வீடு எப்போதும் ஒரே கடற்கரைக் குப்பமாகவோ ஒரே மலைக் கிராமமாகவோ இருந்தால்? சராசரியை நம்பாமல், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு எத்தனை நிமிடத்துக்குள் போகிறோம் என்று கேட்கத் தெரிந்தவர்தான் அந்த வீட்டின் உயிரைக் காப்பாற்றுவார். இந்தக் கேள்வியை வண்டியில் இருப்பவர் எழுப்பினால் புகாராகப் போகும். நிர்வாகியே எழுப்பினால் வண்டி நிற்கும் இடம் மாறும்.

அமெரிக்க வரலாற்றிலேயே இதற்குப் பாடம் உண்டு. 1967ல் பிட்ஸ்பர்க் நகரின் ஹில் பகுதியில் கறுப்பின இளைஞர்களைக் கொண்டு 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. டாக்டர் பீட்டர் சஃபார் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதுவரை அங்கே நோயாளிகளை ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் போலீஸ் வண்டிகள்தான். நாட்டுக்கே முன்மாதிரியாக இருந்த அந்தச் சேவையை 1975ல் நகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி முடித்துவைத்தது. சேர்த்துக்கொள்ளப்பட்ட ஊழியர்களும் தங்களைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே வைக்கப்பட்டார்கள். பலர் வெளியேறினார்கள். இதற்கு இனவெறி காரணம். பட்டம் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உழைப்பு ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலும் இருந்தது என்பது உண்மை. அவர்களில் ஒருவரான ஜான் மூன் தாக்குப்பிடித்து, பின்னாளில் அந்நகர அவசர மருத்துவ சேவையின் உதவித் தலைவராக உயர்ந்தார்.

நம் நாட்டிலும் வழிகள் திறந்து வருகின்றன. 2021ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிக்கலாம். அடுத்த கட்டமாக மருத்துவமனை நிர்வாகம், பொதுச் சுகாதாரம், பேரிடர் மேலாண்மை ஆகியவற்றில் முதுநிலைப் படிப்புகள் உள்ளன. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகமும் பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கப்படுகின்றன. மருத்துவம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் பிள்ளைகளிடமும், கலைப் பட்டம் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளிடமும் இந்தப் பாதைகளைச் சொல்ல வேண்டும். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

மருத்துவம் கற்பது ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயத்தின் கூட்டுக் கடமை என்றார் இமாம் கஸ்ஸாலி. எல்லோரும் ஃபிக்ஹு படிக்க ஓடுகிறார்கள், ஊரில் முஸ்லிம் மருத்துவர் இல்லையே என்று 'இஹ்யா'வில் அவர் வருந்தினார். மதரஸாவில் ஓதிய என் போன்றவர்கள் ஜும்ஆ மேடையில் இதை எடுத்துச் சொல்வது கடமை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிய ஆம்புலன்ஸுக்கு நிதி திரட்டும்போது அதில் ஒரு பங்கை ஒரு மாணவனின் அல்லது மாணவியின் மேற்படிப்புக்கு ஒதுக்குங்கள். ஏற்கெனவே ஆம்புலன்ஸில் பணியாற்றும் இளைஞருக்கு முன்னுரிமை கொடுங்கள். வண்டி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். படித்த நிர்வாகி ஒருவர் மாவட்டத்தின் அத்தனை வண்டிகளும் சரியான இடத்துக்குச் சரியான நேரத்தில் போக வழிசெய்வார், இன்ஷா அல்லாஹ்.