பாடி கிட்: அழகுக்கு முன் கணக்கு

ஸ்போர்ட்ஸ் காருக்கு பாடி கிட் மாட்டுவது வீண் செலவா? இல்லை. ஆனால் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினால் வீண்தான்!

பலரும் கிட்டின் விலையை மட்டுமே பார்க்கிறார்கள். டிங்கரிங், பெயிண்ட், கூலி எதுவும் அந்த விலையில் சேராது. ஃபைபர் கிளாஸ் மலிவு. ஆனால் ஓரங்கள் சரியாக உட்காராமல் தேய்த்து, பட்டி பூச வேண்டியிருக்கும், இடித்தால் விரிசல் விடும். பாலியூரித்தேன் வளைந்து கொடுக்கும், எடை கூடுதல். கார்பன் ஃபைபர் எடை குறைவு, விலையோ எட்டாத உயரம்! எதை வாங்கினாலும், பெயிண்ட் அடிக்கும் முன் ஒருமுறை காரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். அடித்த பிறகு இடைவெளி தெரிந்தால் செலவு இரட்டிப்பு.

இதைவிடப் பெரிய கேள்வி, தகட்டை அறுக்கலாமா என்பது. பழைய போர்ஷே 911 கார்களின் மட்கார்டை அறுத்து, அகலமான பாகங்களைத் திருகிப் பொருத்துவதில் ஜப்பானின் அகிரா நகாய் உலகப் புகழ் பெற்றவர். உரிமையாளரின் ஊருக்கே போய்த் தன் கையாலேயே செய்கிறார். அந்தக் கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட 911 தயாரிப்பு 1998-லேயே நின்றுவிட்டது. இருப்பதை அறுத்தால் அசல் கார்களில் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

போல்ட்டில் மாட்டியதைக் கழற்றலாம். அறுத்ததை ஒட்ட வைத்தாலும் அது அசல் ஆகாது. அசலைத் தேடி வருபவர் அதற்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார். எனவே விற்கும் எண்ணம் துளியும் இல்லாதவர் மட்டும் அறுக்கட்டும். மற்றவர்கள் கழற்றி மாட்டும் கிட்டோடு நிறுத்திக்கொண்டு, பழைய பம்பரைப் பரணில் பத்திரமாக வைக்கட்டும். விற்கும் நாளில் அதற்கும் ஒரு விலை உண்டு!