அஞ்சறைப் பெட்டியும் தடுப்பூசி அட்டையும்



ஒவ்வோர் இல்லத்திலும் பட்டம் பெறாத மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவர் வீட்டுப் பாட்டியே. அவருடைய மருந்தகம் அடுக்களையில் உள்ள அஞ்சறைப் பெட்டி. சுக்கும் மிளகும், ஓமமும் சீரகமும், மஞ்சளும் அவருடைய மருந்துகள். நள்ளிரவில் குழந்தை இருமினால் முதலில் எழுந்து விளக்கேற்றுபவர் அவர். விடிந்ததும் கொல்லைக்குச் சென்று கற்பூரவல்லி இலை நாலைக் கிள்ளி வருபவரும் அவரே. அந்த அன்புக்கு விலை மதிப்பார் யார்?

ஆயினும், அன்பு மட்டும் போதாத வேளைகளும் உண்டு. அதை எங்கள் குடும்பம் எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எவரையும் குறை கூற இதை எழுதவில்லை. இதைப் படிக்கும் ஓர் இளந்தாயாவது எனக்கு நேர்ந்த தவறிலிருந்து தப்ப வேண்டும் என்பதே என் ஆவல்.

1994ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. திண்டுக்கல் அருகே உள்ள சிற்றூரில் என் மாமியார் வீட்டில் தங்கியிருந்தோம். இளைய மகனுக்கு அப்போது பத்து மாதம். ஒருநாள் விடியற்காலையில் அவனுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. நண்பகலுக்குள் எட்டு முறை ஆகிவிட்டது. மாமியார் ஓமத்தை வறுத்து, கொதிக்க வைத்து, வடித்த நீரைச் சங்கில் எடுத்து இரண்டு முறை புகட்டினார். பிறகு என்னிடம், "வயிறு காய்ந்தால் போக்குத் தானே நின்றுவிடும். தண்ணீர் கொடுக்காதே அம்மா, பாலும் இப்போது வேண்டாம்" என்றார். "சரி அத்தை" என்றேன். குழந்தை என் மார்பை நோக்கித் தாவியபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் செய்தது நன்மை என்றே நம்பினேன்.

மாலையில் அவன் அழுகை ஓய்ந்தது. தூங்குகிறான் என்று நினைத்து நிம்மதி அடைந்தேன். அடுத்த தெருவில் குடியிருந்த கிராமச் செவிலியர் தற்செயலாக வந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லக் கிள்ளி விட்டார். அந்த மடிப்பு உடனே விரியாமல் அப்படியே நின்றது. உச்சிக்குழி குழிந்திருந்ததையும், கண்கள் உள்வாங்கியிருந்ததையும், நாக்கு வறண்டிருந்ததையும் அவர் காட்டிய பிறகே நான் கண்டேன். "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. "இது தூக்கம் இல்லை. உடனே புறப்படுங்கள்" என்றார். வழியெல்லாம் உப்புச் சர்க்கரை நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே மருத்துவமனை சேர்ந்தோம். இரவு முழுவதும் நரம்பின் வழியே நீர் ஏற்றினார்கள். மறுநாள் காலை என் மடி நனைந்தது. அந்த ஈரத்தை உணர்ந்து நான் அழுத அழுகையை இன்றும் மறக்கவில்லை.

அந்த இரவில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மாமியார் என் அருகில் அமர்ந்திருந்தார். நெடுநேரம் பேசாதிருந்தவர், திடீரென்று மெல்லிய குரலில் சொன்னார்: "என் மூத்தவனும் இப்படித்தான் போனான் அம்மா. இரண்டு வயது. தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை."

நாற்பது ஆண்டுகளாக அவர் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத செய்தி அது. என் கணவருக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவர்மீது குற்றம் சுமத்த முடியுமா? முடியாது. தமக்குக் கற்பிக்கப்பட்டதை அவர் செய்தார். வயிற்றுப்போக்கின்போது குடலுக்கு ஓய்வு தரவேண்டும் என்று அக்காலத்தில் பட்டம் பெற்ற மருத்துவர்களிலும் பலர் எண்ணினார்கள். குழந்தையைக் கொல்வது போக்கு அன்று, அதனால் உடலிலிருந்து வெளியேறிவிடும் நீரும் உப்புமே என்பது தெளிவாகி, அதற்கு எளிய பரிகாரமும் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

1971ஆம் ஆண்டில் வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்திற்குள் வந்தார்கள். பங்கான் என்னும் எல்லை ஊரில் இருந்த முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர்மருந்து தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனோபிசு உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கைகளாலேயே புகட்டச் செய்தார். அதுவரை நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. 1978இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழ், இந்தக் கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகவே இருக்கக்கூடும் என்று எழுதியது. 2022இல் மறைந்த அந்த மருத்துவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்த நீர் எவ்வாறு வேலை செய்கிறது? சிறுகுடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே நுழையும் வாயில் ஒன்று உண்டு. அவை நுழைந்தால் நீரும் பின்தொடர்ந்து உள்ளே வரும். கடுமையான போக்கின்போதும் அந்த வாயில் அடைபடுவதில்லை. வெறும் நீருக்கு இல்லாத வலிமை இந்தக் கரைசலுக்கு வருவது இதனால்தான். ஆனால் சர்க்கரை மிகுந்துவிட்டால் அது குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கிவிடும். ஆகவே அளவு முக்கியம்.

மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சிறந்தது. அதன்மேல் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அது கைவசம் இல்லாவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு போக்குக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் மெல்ல மெல்லப் புகட்டுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலையோ உணவையோ நிறுத்தவே கூடாது. சிங்க் மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். கடையில் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா.

வீடு திரும்பியபின், மாமியார் தம் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டாரா? இல்லை. எறிய வேண்டிய தேவையும் இல்லை. அடுக்களை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாளை ஒட்டினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். செவிலியர் திருத்தினார். பின்னாளில் நாங்கள் அறிந்தவற்றையும் அதில் சேர்த்துக்கொண்டே வந்தோம்.

முதற்பகுதி, பெட்டி செய்யக்கூடியது. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்கு ஒரு தேக்கரண்டித் தேன். சளி பிடித்த பிள்ளைக்கு இளஞ்சூடான மிளகு ரசம். பசி மந்தமான நாளில் குழைந்த கஞ்சியும் சீரக நீரும். அம்மை கண்ட பிள்ளையின் படுக்கையில் வேப்பிலை பரப்புவதால் தீங்கில்லை. ஆனால் அம்மை என்று சொல்லி மருத்துவரிடம் காட்டாதிருப்பதும், உணவைக் குறைப்பதும் தீங்கு. தட்டம்மையில் நுரையீரலும் கண்ணும் கெடக்கூடும்.

இரண்டாம் பகுதி, பெட்டி செய்யக்கூடாதது. ஒரு வயதுக்குள் தேன் நாவில் தடவுவதுகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலை உண்டாக்கும். வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டும் வழக்கத்தையும் விட்டோம். வசம்பில் உள்ள நச்சுப் பொருளின் காரணமாக அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டிலேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலைக் காய்ச்சாமல் சங்கில் ஊற்றுவதும், வலிப்புக்குச் சூடு போடுவதும், தொக்கம் எடுப்பதும் இந்தப் பகுதியிலேயே சேர்ந்தன.

மூன்றாம் பகுதியைச் சிவப்பு மையால் எழுதினோம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெட்டியை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல். பால் குடிக்க மறுத்தல். வலிப்பு. எழுப்பினாலும் விழிக்காத மயக்கம். மலத்தில் இரத்தம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை. மூச்சு வாங்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளிழுத்தல். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை நிமிடத்திற்கு 50 முறைக்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 முறைக்கு மேலும் மூச்சு ஓடுதல்.

அன்பர்களே, இவை யாவும் நோய் வந்தபின் செய்வன. வருமுன் காப்பதே இயற்கை மருத்துவத்தில் தலையாயது. அதற்கு அரிய மூலிகை எதுவும் வேண்டியதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள். அதைப் பீய்ச்சிக் கொட்டுவது குழந்தையின் முதல் கவசத்தைக் கொட்டுவதாகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம். அதன்பின் வீட்டு உணவோடு முருங்கைக்கீரையும் பப்பாளியும் சேரட்டும். அவற்றில் கண்ணைக் காக்கும் சத்து உண்டு. ஊட்டுமுன்னும் மலம் கழுவியபின்னும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரையே கொடுங்கள். மண்ணில் விளையாடும் பிள்ளைக்குச் செருப்பு அணிவியுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் வழியேதான் உடலுக்குள் நுழைகிறது.

தடுப்பூசியோ? "இயற்கையாக வளர்க்கிறோம், ஊசி வேண்டாம்" என்று சில இளம் பெற்றோர் சொல்லக் கேட்கிறேன். 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது கைப்பேசி வழியே பரவிய வதந்திகளை நம்பிப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தடுப்பூசி உடலுக்கு அயலான எதையும் கற்பிப்பதில்லை. நோயை எதிர்க்கும் ஆற்றல் குழந்தையின் உடலிலேயே இருக்கிறது. பகைவனின் முகத்தை முன்கூட்டியே அதற்குக் காட்டிவைப்பதுதான் ஊசியின் வேலை. ஊர்களையே காலி செய்த பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 சனவரியில் காணப்பட்ட ஒரு சிறுமி. 2014இல் நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. எங்கள் மகன் காலத்தில் நம் அரசு மையங்களில் இல்லாத, வயிற்றுப்போக்குக் கிருமியான ரோட்டாவுக்கு எதிரான மருந்தும் இன்று அங்கே 6, 10, 14 வாரங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

என் மாமியார் இன்று நம்மிடையே இல்லை. இறுதிவரை அவரிடம் சுக்கும் ஓமமும் கேட்டு வருவோர் குறையவில்லை. கேட்டதைக் கொடுப்பார். ஆனால் கொடுக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்பார்: "பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா? ஊசி அட்டை எங்கே?" அட்டை கொண்டுவராதவர்களுக்கு அவரிடம் ஓமம் கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியிலேதான் அவர் பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளையும் வைத்திருந்தார். அவருடைய அஞ்சறைப் பெட்டியிலோ, சீரகத்துக்கும் மிளகுக்கும் நடுவே, இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் எப்போதும் இருந்தன.

இன்றிரவு உங்கள் அடுக்களைக்குச் சென்று அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தப் பொட்டலங்களுக்கு அதில் இடம் இருக்கிறதா? பிறகு தடுப்பூசி அட்டையை எடுத்து, அடுத்த தேதி எது என்று பாருங்கள்.