கொடுமுடியின் பழைய வரைபடம் கடைக்கு வரட்டும்

இங்கிலாந்தில் ஆலன் காட்ஃபிரே என்றொரு வரைபடப் பதிப்பகம் இருக்கிறது. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசுத் துறை நூறாண்டுக்கு முன் அளந்து வரைந்த ஊர்ப் படங்களை அது மறு அச்சிட்டு விற்கிறது. பெருநகரங்களோடு, சந்தை கூடும் சிற்றூர்களுக்கும் தனித்தாள் உண்டு. முன்பக்கம் படம், பின்பக்கம் அந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை.

ஈரோடு மாவட்டத்துக் கொடுமுடியும் சந்தை ஊர்தான். பக்கத்துச் சாலைப்புதூர் விற்பனைக்கூடத்தில் தேங்காயும் கொப்பரையும் ஏலம் போகின்றன. தெற்கே ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் இடம் இது. ஆடிப்பெருக்கன்று மகுடேசுவரர் கோயிலுக்கு வருபவர் படித்துறையில் நீராடலாம், பிரசாதம் வாங்கலாம். ஆனால் ஊரின் பழைய படம் ஒன்றை வாங்க வழியில்லை.

படமே இல்லையென்றால் குறை சொல்ல முடியாது. ஆனால் படம் இருக்கிறது. இந்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா தொடங்கியது 1767இல். நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அளவைக்கான அடிக்கோட்டை அளந்தது 1802இல். பின்னாளில் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் நாடு முழுக்கத் தாள்கள் வந்தன. அந்த வரிசையில் கொடுமுடி விழுவது 58 ஈ/16 என்ற தாளில். வருவாய்த்துறையிடம் காடு காடாக, அதாவது வயல் வயலாக, அளந்த கிராமப் படங்களும் உண்டு.

இந்தப் படங்களின் அருமை இட்டேரியைத் தேடும்போது தெரியும். இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகும் தடம் என்று கொங்கு நாட்டுக் காடுகளை இணைத்தவை இட்டேரிகள். பல இடங்களில் வேலி அழிந்து, தடம் குறுகி, பக்கத்துக் காட்டோடு சேர்ந்துவிட்டது. பழைய கிராமப் படத்தில் அது புறம்போக்காகத் தன் அகலத்தோடு நிற்கும். ஓடையும் குட்டையும் அப்படியே. பவானியில் பிரிந்து ஏறத்தாழ 90 கி.மீ. ஓடி ஆவுடையார்பாறையில் முடியும் காலிங்கராயன் வாய்க்காலின் பாசனத்தை, படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பள்ளிப் பிள்ளை விரலால் தொடரலாம். காவிரியில் வெள்ளம் வந்தால் கரையோர வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் ஊருக்கு, ஆற்றின் பழைய கரை எதுவரை இருந்தது என்பது வெறும் பழங்கதை ஆகாது.

இந்தப் படங்கள் வெளிவந்தால் வரப்புத் தகராறு கிளம்பும் என்று அதிகாரிகள் தயங்கலாம். அந்தத் தயக்கத்துக்கு இன்று இடமில்லை. வயலின் எல்லை காட்டும் புலப்படத்தையே அரசு இணையத்தில் தருகிறது. மறு அச்சுப் படம் பட்டா ஆகாது என்று தாளிலேயே ஒரு வரி போட்டால் போதும். அரசு வெளியிட்ட படைப்புக்குக் காப்புரிமை 60 ஆண்டு. 1930களின் தாளுக்கு அது எப்போதோ தீர்ந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடக் கட்டுப்பாடுகளையும் பெருமளவு தளர்த்தியது.

சென்னையின் கதையை ஊரறியச் சொன்ன எஸ். முத்தையா, டி.டி. மேப்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். படத்தோடு புழங்கிய கைக்கு ஊர் வரலாறு தானாக வசப்படுகிறது என்றே தோன்றுகிறது.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா கூடும். மாவட்ட நிர்வாகமோ ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையோ முன்வந்து, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் நில அளவைத் துறையிலும் தேடி, அந்தத் திருவிழாவுக்குக் கொடுமுடியின் தாளை முதலில் போடட்டும். ஊர்ப் பெயர்கள் தமிழில் இருக்க வேண்டும். பின்பக்கத்துக் கட்டுரையில் மதகுகளின் பெயரும், அழிந்த இட்டேரிகளின் பெயரும், அவற்றை இன்னும் நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதப்பட வேண்டும். விலை ஐம்பது ரூபாயைத் தாண்டக் கூடாது. அடுத்து சிவகிரி, பாசூர், ஊஞ்சலூர்.