வாட்டர் பேப்பரும் வாய்ப்பேச்சும்

சென்ற மாதம் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை எப்படிக் கழிந்தது என்று பேச்சு வந்தது. என் பழைய மாருதி 800 காரின் உட்புறப் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி, மொட்டைமாடியில் வைத்து வண்ணம் பூசினேன் என்றேன். முதலில் மௌனம், பிறகு சிரிப்பு. “இதற்கெல்லாம் ஆள் இல்லையா?” என்றார் ஒருவர். “அந்த நேரத்தில் ஒரு நாவலை முடித்திருக்கலாம்” என்றார் இன்னொருவர், மெய்யான வருத்தத்துடன். மூன்றாமவர் முற்போக்காளர். “பெயின்டரின் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?” என்று கேட்டார். அன்று எனக்கு வாய் எழவில்லை. மூவருக்குமான பதிலை இங்கே எழுதுகிறேன்.

எள்ளி நகையாடும் முன் அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. மாருதி 800 வண்டி 1983 டிசம்பரில் சாலைக்கு வந்தது. 2014இல் அதன் உற்பத்தி நின்றது. என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் இறுதியில் அப்பா வாங்கியது. கதவுக் கைப்பிடியைச் சுற்றிய சட்டம், காற்றுத் துவாரங்களின் விளிம்பு, கியர் தண்டின் அடிமூடி எல்லாம் வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடந்தன. கோடை வெயிலில் நிறுத்திய காரில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. கால் நூற்றாண்டு அந்த வெப்பத்தைத் தாங்கிய பிளாஸ்டிக் வேறு எப்படி இருக்கும்?

முதல் முறை நான் செய்தது இவ்வளவுதான். ஈரத்துணியால் துடைத்தேன்; ஸ்பிரே டப்பாவைக் குலுக்கி அடித்தேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. பூச்சு காய்வதற்குள்ளேயே ஆங்காங்கே மீன்கண்போல வட்டவட்டமாக விலகி நின்றது. ஒரு மாதத்தில், நகம் பட்ட இடத்திலெல்லாம் நாடாபோல உரிந்து வந்தது. டாஷ்போர்டு பளபளக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் தடவிய பாலிஷில் சிலிக்கோன் இருந்தது. சிலிக்கோன் படிந்த இடத்தில் பூச்சு நிற்காது என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, தெரிந்துகொள்ள ஏதோ இருக்கிறது என்ற ஐயம்கூட எனக்கு எழவில்லை. வண்ணம் அடிப்பதில் என்ன இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அந்த எண்ணத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இரண்டாம் முறை இரண்டு நாள் ஆயிற்று. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் கொண்டு ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்துக் கழுவினேன். காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பிறகு 400, 600 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, மினுக்கம் முழுவதும் மங்கும்வரை தேய்த்தேன். பல பாகங்களின் பின்புறத்தில் அது எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். ஏபிஎஸ் என்றால் ப்ரைமர் எளிதில் பிடிக்கும். பாலிபுரொப்பிலின் என்றால் அது தன்மேல் எதையும் ஒட்டவிடாத பிறவி. ஒட்டுதலைத் தரும் தனிப்பூச்சு ஒன்றை முதலில் இட்டாக வேண்டும். அச்சு இல்லையென்றால் ஒரு சீவலை நீரில் போட்டுப் பார்க்கலாம். கலப்பில்லாத பாலிபுரொப்பிலின் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் வண்ணம். அதுவும் ஒரே வீச்சில் மூடிவிடக் கூடாது. மூன்று நான்கு மெல்லிய படலங்களாக, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடிக்க வேண்டும். மழைக்காற்று வீசும் நாளில் அடித்தால் ஈரம் படிந்து வெண்மை பூக்கும். டாஷ்போர்டின் மேல்பகுதிக்குப் பளபளப்பான பூச்சு ஆகாது. அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கும். இரண்டு நாள் வேலையில் வண்ணம் அடித்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மற்றதெல்லாம் கழுவலும் தேய்த்தலும் காத்திருத்தலும்தான்.

இனி நண்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன்.

“ஆள் இல்லையா?” என்ற கேள்வியில் ‘ஆள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நாம் கவிஞரை ஆள் என்று சொல்வதில்லை. பேராசிரியரை அழைத்து வர ‘ஆள் பிடிப்பதில்லை’. கையால் வேலை செய்பவர் மட்டுமே நம் மொழியில் ஆள். வாயால் சொல்பவன் மேலே, கையால் செய்பவன் கீழே என்ற படிக்கட்டு சாதியோடு சேர்ந்து வந்தது. மேடையில் அதை எதிர்த்து முழங்குகிறோம், மாலையில் சமோசா தின்றபடி “இதற்கெல்லாம் ஆள் இல்லையா?” என்று அதையே கேட்கிறோம்.

நாவல் படித்திருக்கலாம் என்ற நண்பர், ராபர்ட் பிர்சிக்கின் ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நூலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். 1974இல் வந்த அந்த நூலில் ஓரிடம் உண்டு. நண்பனின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூ வண்டியில் கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. மென்மையான, துருப்பிடிக்காத அலுமினியம். அந்த இடத்துக்கு வேண்டிய பொருளே அதுதான். ஆனால் நண்பனின் கண்ணுக்குத் தெரிவது பீர் டப்பா மட்டுமே. அவனுக்கு அது அவமானமாக இருக்கிறது. நம் நண்பர் இந்தப் பகுதியை அழகாக விளக்குவார். தாம் அந்த வண்டிக்காரனின் இடத்தில் நிற்பதை மட்டும் அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை. ஸ்குரூ டிரைவரைத் தொடாமல் பிர்சிக்கைப் போற்றுவது, அடுப்பங்கரைப் பக்கமே போகாமல் சமையல் குறிப்பைப் பாராயணம் செய்வது போன்றது.

மூன்றாமவரின் கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் சொல்ல நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே வண்டியின் வெளிப்புறத்தில் விழுந்த கீறலுக்காக ஒரு பெயின்டரிடம் போயிருந்தேன். தகரக் கூரையின் கீழ், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஹார்டனர் கலந்த இரண்டு பாகப் பூச்சை அவர் அடித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் 300 ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். “அரைமணி நேரம் அடித்ததற்கா இவ்வளவு?” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குறைத்துக்கொண்டார். அடிப்பதற்கு முன் அவர் பட்டி பார்த்ததும் தேய்த்ததும் என் கணக்கில் இல்லை. அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள், தெளிப்பவர்களுக்கு ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சு முட்டும். குழாய் வழியாகத் தூய காற்று வரும் முகமூடி வேண்டிய வேலை அது. கைக்குட்டை எதையும் தடுக்காது. வீட்டில் அந்தப் பூச்சைப் பயன்படுத்தலாமா என்று தேடியபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். காற்றுப்பை உள்ள வண்டிகளில் அதன் மூடிக்கு வண்ணம் பூசக் கூடாது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அது உரிய கோட்டில் கிழிந்து திறக்க வேண்டியது.

எல்லா வேலையையும் நாமே செய்துவிடலாம் என்று நான் வாதிடவில்லை. என் கை எட்டாத இடம் எது என்று கற்பித்ததும் அந்த இரண்டு நாள்தான். பெயின்டரின் பிழைப்பைக் கெடுப்பது நான் என் கதவுச் சட்டத்துக்குப் பூசும் கறுப்பு அல்ல. அவர் செய்வது அரைமணி நேர வேலை என்று நம்பும் என் அறியாமை. வேலையை ஒருமுறையேனும் செய்து பார்த்தவன் அந்த 300 ரூபாயைக் கேட்டிருக்க மாட்டான்.

பிறகொரு நாள் அந்தப் பட்டறையைத் தேடிப் போனேன். கூரை இருந்தது, வேறு யாரோ டயர் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயின்டர் எங்கே போனார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, அடுத்த கூட்டத்தில் உழைப்பைப் பற்றி யாராவது கட்டுரை வாசிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பின்னிருக்கைப் பக்கத்துச் சட்டங்கள் இரண்டு இன்னும் பாக்கி இருக்கின்றன. வாட்டர் பேப்பரும் ஒரு வாளித் தண்ணீரும் நான் கொண்டுவருகிறேன்.