முள்ளை நம்பினோர்

என் சகலைக்கு மூன்று பலவீனங்கள். ஒரு பழைய டர்போ டீசல் ஜீப், அதன் டேஷ்போர்டில் அவரே வாங்கிப் பொருத்திய பூஸ்ட் மீட்டர், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது. போன மாதம் மூன்றும் ஒன்று சேர்ந்துகொண்டன.

"முள்ளு பாதிகூட ஏற மாட்டேங்குது. முன்னாடி ஒண்ணு தொடும், இப்ப பாயின்ட் நாலோட நிக்குது. டர்போ போச்சாம். நாப்பதாயிரம் ஆகுமாம்."

"யாரு சொன்னது?"

"மெக்கானிக்."

"வண்டியைப் பாத்தாரா?"

"போன்லயே சொல்லிட்டாரு. அவ்வளவு அனுபவம்!"

மைத்துனியின் சங்கிலி அடகுக் கடைக்குப் புறப்படத் தயாராக இருந்தது. நான் தலையிட்டது மோட்டார் ஞானத்தால் அல்ல. அதை மீட்கும் நாளில் சகலை யாரிடம் கைமாற்று கேட்டு வருவார் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாலிநோக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் மீன் குழம்பு. ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாக அதே ஜீப்பில் போனோம். (ஊர்ப் பெயரிலேயே ஒரு நோக்கம் இருக்கிறது. எங்களுக்கு மீன் மட்டும்தான்.) ஏர்வாடி தாண்டி ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்தார். வண்டி விருட்டென்று பாய்ந்தது. டர்போவின் விசில் சத்தம் வழக்கம்போல. பின்னால் கறுப்புப் புகை இல்லை. முள் மட்டும் பாயின்ட் நாலில் தூங்கியது.

"பாத்தீங்களா, டர்போ வேலை செய்யல!" என்றார், எண்பதில் போய்க்கொண்டே.

டர்போ பெரிய மந்திரம் இல்லை. வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சுற்றுவது நிமிஷத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பியூக்கி 1905-ல் பேடன்ட் வாங்கியது. கார்களுக்கு வந்து சேர 1962 ஆகிவிட்டது. எவ்வளவு அமுக்குகிறது என்பதைச் சொல்வதுதான் பூஸ்ட் மீட்டர். ஒரு பார் என்றால், நம்மைச் சுற்றி இருக்கும் காற்றழுத்தம் போல இன்னொரு மடங்கு கூடுதல். பெட்ரோல் வண்டியில் ஐடிலிங்கில் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். பழைய டீசலில் இறங்காது, பூஜ்யத்திலேயே நிற்கும். இது தெரியாமல் நல்ல மீட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

நண்பரின் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வாலிநோக்கத்தில் உப்பு என்பது சமாச்சாரமே வேறு. 1974-ல் தொடங்கிய அரசின் உப்பு நிறுவனத்துக்கு இங்கேயும் மாரியூரிலும்தான் பாத்திகள். 2022-ல் 'நெய்தல்' என்று பாக்கெட்டில் வந்ததும் அந்த நிறுவனத்தின் உப்புதான். பெரியவர் சகலையின் புலம்பலைப் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நாங்களும் முள்ளு மாதிரி ஒண்ணு வச்சிருப்போம். தண்ணியில மிதக்கவிட்டு டிகிரி பாக்குற கண்ணாடிக் குழாய். கடல் தண்ணி மூணு காட்டும். இருபத்தஞ்சு வந்தா உப்பு விழும். முப்பதுகிட்டப் போனா மிச்சத் தண்ணியத் தொறந்து விட்டுரணும். இல்லேன்னா உப்பு கசக்கும்."

"சரிங்கய்யா..."

"ஒரு நாளு இருபத்தஞ்சு காட்டுது, உப்பு விழல. பாத்தியில ஏதோ கோளாறுன்னு எல்லாரும் ஓடுறாங்க. நான் அந்தக் குழாயை எடுத்து நல்ல தண்ணிச் செம்புல போட்டேன். சைபரு காட்டணும்ல? ரெண்டு காட்டுச்சு. நீங்க செம்புல போட்டுப் பாத்தீங்களா?"

சகலை என்னைப் பார்த்தார். நான் மீன் முள்ளைப் பார்த்தேன்.

செம்புக்குப் பதில் மருந்துக் கடையில் ஊசியில்லாத பத்து மில்லி சிரிஞ்ச் வாங்கினோம். மீட்டர் பின்னாலிருந்து டியூபைக் கழற்றிவிட்டு, துண்டு டியூப் போட்டு சிரிஞ்சைச் செருகினோம். பத்திலிருந்து ஐந்துக்கு அமுக்கினால் காற்று பாதியாகும், அழுத்தம் இரட்டிக்கும். முள் ஒன்றுக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். வந்தது. அப்படியே பிடித்திருந்தோம். முள் இறங்கவில்லை. மீட்டர் யோக்கியன். அதற்குள்ளே இருப்பது 1849-ல் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த வளைந்த பித்தளைக் குழாய். திருவிழாவில் ஊதினால் நாக்கு நீட்டுமே காகிதப் பீப்பி, அதே தத்துவம்.

டர்போவும் சரி, மீட்டரும் சரி என்றால் மிச்சம் நடுவே போகிற டியூப். அதைக் கழற்றி சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்கார பாய் ஒரு முனையை மடக்கிப் பிடித்து, மறு முனையில் பம்ப்பை வைத்து, பஞ்சர் பார்க்கும் தொட்டியில் முக்கினார். இன்ஜின் சூட்டில் உரசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வரிசையாகக் குமிழி. மயிரிழை வெடிப்பு.

"இத்தனூண்டு ஓட்டையிலயா பாதி போவும்?" சகலைக்கு நம்பிக்கை வரவில்லை. போகும். முள் நடுங்காமலிருக்க இன்ஜின் பக்கம் டியூபில் ஊசித் துவாரமுள்ள ஒரு தடை வைக்கிறார்கள். உள்ளே வருவதே ஊசி வழியாகத்தான். வழியில் அதே அளவு வெளியேறினால் மீட்டருக்கு என்ன மிஞ்சும்? மாதச் சம்பளக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

நேர்மாறாகவும் நடக்கும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற பெரிய ஹோஸ் பிளந்துகொண்டால் முள் இறங்கும், இழுவையும் போகும், கறுப்புப் புகை வரும், புஸ் என்று சத்தம் கேட்கும். அப்போது முள் சொல்வது சத்தியம். புது வண்டிகளில் இந்த டியூபே கிடையாது, சென்சார்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு டப்பாவைச் செருகினால் செல்போனிலேயே தெரியும். சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்க்க வேண்டும். வாலிநோக்கக் கடற்கரையில் நூற்றொன்று கிலோபாஸ்கல் காட்டினால் சென்சார் சரி. கொடைக்கானலில் அதுவே எண்பதுக்குச் சற்றுக் கீழே வரும். பயப்படக் கூடாது, அங்கே காற்றே அவ்வளவுதான்.

பாய் வெடித்த இடத்தை வெட்டி எறிந்து, மிச்சத்தை இழுத்துச் சொருகிக் கிளிப் போட்டார். இருபது ரூபாய் கேட்டார். சகலை ஐம்பது கொடுத்தார். திரும்பும்போது ஏர்வாடி ரோட்டில் முள் ஒன்றைத் தொட்டது. சகலை ஹாரன் அடித்துக் கொண்டாடினார். முன்னால் போன ஆடுகள் ஒதுங்கின.

சங்கிலி மைத்துனி கழுத்திலேயே இருக்கிறது. நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பூஸ்ட் மீட்டருக்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று வைக்க இடம் போதுமா என்று ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தார்.