படுக்கப் போட்டால் வைத்தியம் ஆகிவிடுமா?

"ரத்தம் சுத்தமாயிற்று, வீட்டுக்குப் போய்ப் படு!" சிறுநீரகம் கெட்ட தொழிலாளிக்குக் கிடைக்கும் போதனை பெரும்பாலும் இவ்வளவுதான்.

வாரம் இரண்டு, மூன்று முறை. முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் யந்திரம். போன நாளெல்லாம் கூலி போச்சு. வீடு வந்தால் சோர்வு. படுத்த உடம்பில் சதை கரைகிறது. மூட்டை சுமந்த கால் படியேற நடுங்குகிறது. இது நோய் மட்டும் செய்த வேலையல்ல, தோழர்களே! படுக்கையும் சேர்ந்து செய்தது.

ஜெர்மனியில் 21 டயாலிசிஸ் நிலையங்களில் 917 நோயாளிகளை வைத்து ஒரு வருஷம் சோதித்தார்கள். முடிவு 2023ல் வெளிவந்தது. ஒரு பகுதியாருக்கு யந்திரம் ஓடும்போதே, படுத்தபடி பெடல் மிதிக்கவும் கைகால் பயிற்சி செய்யவும் ஏற்பாடு. ஒரு நிமிஷத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறதென்று எண்ணினார்கள். பயிற்சி செய்தவர்கள் சராசரி 16லிருந்து 19க்கு ஏறினார்கள். மற்றவர்களோ 15க்கும் கீழே இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களும் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைவு.

"இங்கிலாந்தில் பலனில்லை என்றார்களே!" என்று ஒரு பண்டிதர் எழுந்திருப்பார். 2021ல் வெளியான அந்த ஆய்வில் பலருக்குப் பயிற்சி ஒழுங்காகத் தொடரவே இல்லை, ஐயா! மிதிக்காத பெடலுக்குப் பலன் எங்கிருந்து வரும்?

இன்னொருவர் சொல்வார்: "கூலிக்காரனுக்கு எதற்கையா தேகப்பயிற்சி? உழைத்து உரம் ஏறிய உடம்பாயிற்றே!" வெயிலில், குடிக்கத் தண்ணீரின்றிக் கரும்பு வெட்டுவது பயிற்சியா? நிகராகுவா, எல் சால்வடார் கரும்புத் தோட்டங்களில் வாலிபர்களின் சிறுநீரகத்தைத் தின்றதே அந்த மாதிரி உழைப்புத்தான் என்று ஆராய்ந்த வைத்தியர்கள் பலர் சொல்கிறார்கள். கனவான்கள் காசு கட்டி நின்ற இடத்தில் ஓடுகிறார்கள்; அது அவர்கள் பாடு. நாம் கேட்பது வைத்தியம்.

மத்திய சர்க்கார் 2016ல் தேசிய டயாலிசிஸ் திட்டம் கொண்டுவந்தது. ஏழைகளுக்கு இலவசம், நல்லதுதான். ஆனால் வேலையைத் தனியார் கம்பெனிகளுக்குக் காண்ட்ராக்ட் விட வழி செய்தது. தடவைக்கு இவ்வளவு என்று பணம். நோயாளி எழுந்து நடந்தானா என்று கேட்பதில் கம்பெனிக்கு என்ன லாபம்?

ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டிலும் படுக்கையில் பொருத்தும் பெடல் வை! சொல்லித்தரச் சம்பளத்துக்கு ஆள் போடு! பஸ் செலவையும் இழந்த கூலியையும் கொடு! தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இந்தக் கோரிக்கைகளோடு ஜில்லா கலெக்டரைப் பார்க்க வேண்டும். போகும்போது, டயாலிசிஸில் இருக்கும் தோழர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்; எழுந்து உட்கார முடிகிறதா என்பதைக் கலெக்டரே எண்ணிப் பார்க்கட்டும்.